‘ஸ்டேயிங் அலைவ்’ யார் எழுதியது?

கிப் சகோதரர்களின் இசைக்குழுவான பீ ஜீஸின் பாட்டெல்லாம் அண்ணன் பேரி கிப் தனியே எழுதியவை, இரட்டையர்களான ராபினும் மோரிஸும் கூடப் பாடியவர்கள் மட்டும்தான் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ‘ஸ்டேயிங் அலைவ்’தான் அவர் காட்டும் உதாரணம்.

தம்பி, அந்தப் பாட்டில் உச்சத்தில் கேட்கிற குரல் பேரியுடையது, சரி. எழுதியவர்களாகப் பதிவில் இருப்பது மூன்று பேரும். கல்லடியில் எங்கட வீட்டில அப்பாவின்ர பழைய இசைத்தட்டு ஒன்று கிடக்கு, 1977 ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படப் பாட்டுத் தட்டு. நடு ஓட்டையைச் சுற்றின லேபிள் மங்கிப்போச்சு. ஆனாலும் பாட்டின் பெயரோட மூவரின் முதலெழுத்தும் ‘கிப்’ என்ற பெயரும் வாசிக்கலாம். (கீறல் விழுந்ததால பாட்டுத்தான் துள்ளுது.)

எல்லாப் பாட்டிலும் மூவரும் இல்லை என்பதும் உண்மை. 1967இல் வந்த ‘டு லவ் சம்படி’ பேரி, ராபின் இருவர் பேரில்தான் இருக்கு. அதனால பாட்டுப் பாட்டாகத்தான் பார்க்கவேணும்.

தட்டு இல்லாதவர்கள் ஸ்பாட்டிஃபையில் பாட்டைத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி, பங்களித்தவர்கள் பகுதியைப் பாருங்கோ. பாடியவர் வேறாக, எழுதியவர் வேறாகப் போட்டிருக்கும்.