அந்த அறை காலியாகத்தான் இருக்க வேண்டும்

அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நேற்றிலிருந்து அதுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓவியர் வின்சென்ட் வான்கோ இறந்த அறைக்குள் ஒருவர் நின்றுகொண்டு, "உள்ளே ஒன்றுமே இல்லை, ஒரு கட்டிலாவது வாங்கிப் போட்டிருக்கலாம்" என்கிறார். பேசியவரைக்கூட விட்டுவிடலாம். கீழே இத்தனை பேர் ஆமாம் போட்டிருப்பதுதான் தாங்கவில்லை.

அந்த அறை காலியாகத்தான் இருக்க வேண்டும்.

பிரான்சில் பாரிஸுக்கு அருகே உள்ள ஓவேர்-சுர்-உவாஸ் கிராமத்தில், ரவூ விடுதியின் கூரைக்கு அடியில் இருக்கிற 5-ஆம் எண் அறை அது. 7 சதுர மீட்டர். வெளிச்சம் வருவது கூரையில் உள்ள சிறு திறப்பு வழியாக மட்டும். அப்போது வாடகை, சாப்பாட்டோடு சேர்த்து நாளுக்கு 3.50 ஃபிராங்க். 1890 ஜூலை 27 அன்று வான்கோ குண்டுக் காயத்தோடு இந்த மாடிக்குத்தான் ஏறி வந்தார். 29-ஆம் தேதி அதிகாலை, தம்பி தியோ பக்கத்தில் இருக்க, இங்கேதான் உயிர் போனது. தற்கொலை நடந்த அறை என்ற அச்சத்தில் அதன்பிறகு யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. அந்த அச்சம்தான் சுவரைக் காப்பாற்றியது. விட்டிருந்தால் ஆள் மாற மாற வெள்ளையடித்து, ஆணியடித்து, பழைய பூச்சில் ஒரு சாண்கூட மிஞ்சியிருக்காது.

கட்டில் கேட்கிறவர்கள் மனதில் இருப்பது எந்தக் கட்டில்? 1888 அக்டோபரில் ஆர்ல் நகரத்து மஞ்சள் வீட்டில் அவர் வரைந்த படுக்கையறையின் கட்டில். அது பிரான்சின் தெற்கே, வேறு ஊர், வேறு வீடு. அந்த வீடு 1944 ஜூன் 25 அன்று குண்டுவீச்சில் சிதைந்து, பிறகு இடிக்கப்பட்டது. ஆர்ல் கட்டிலை ஓவேர் அறையில் போட்டால் அது பொய்.

பொய் எப்படி வேர்விடும் என்பதற்கு அதே ஆர்லின் ஃபோரம் சதுக்கத்து காபிக் கடையைப் பாருங்கள். வான்கோ அதை வரைந்த ஓவியத்தில் சுவரில் விழுவது இரவு விளக்கின் மஞ்சள் ஒளி. பிற்காலத்தில் ஓவியத்தைப் போலவே தெரியட்டும் என்று சுவருக்கே மஞ்சள் அடித்துவிட்டார்கள். இப்போது போகிறவர்கள், வான்கோ மஞ்சள் சுவரைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று நம்பித் திரும்புகிறார்கள்.

"சுவரையாவது பளிச்சென்று ஆக்கலாமே" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். சுண்ணாம்பு, ஜிப்சம் பூசிய பழைய சுவர் ஈரத்தை வாங்கி, பிறகு வெளியே விடும். மேலே சிமென்ட்டோ பிளாஸ்டிக் பெயின்ட்டோ ஏறினால் ஈரத்துக்கு வழி அடைபடும். அதில் கரைந்திருந்த உப்பு பெயின்ட்டுக்குப் பின்னால் படிகமாகி, பழைய வண்ண அடுக்கையும் சேர்த்துப் பொரிந்து விழவைக்கும். அதனால்தான் இந்த வேலை தெரிந்தவர்கள் முதலில் மெல்லிய கத்தியால் நகக்கண் அளவுக்கு அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்ப்பார்கள். ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, எது எந்தக் காலத்து அடுக்கு என்று பிரிப்பார்கள். கழன்ற பூச்சுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குழம்பை ஊசியால் ஏற்றி ஒட்டவைப்பார்கள். விரிசலை மட்டும் அடைப்பார்கள். அதற்குமேல் கை வைப்பதில்லை.

கட்டில், மெத்தை, திரை எல்லாமே இந்தச் சுவருக்கு ஆபத்து. ஓர் ஆள் சும்மா நின்றாலே மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவி விடுகிறார். பத்துப் பேர் நின்றால் அரை லிட்டர். 7 சதுர மீட்டரில் அது எங்கே போகும்? மெத்தை குடிக்கும், பூஞ்சை பிடிக்கும். சுவரை ஒட்டிய கட்டிலுக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தங்கும். பழைய மரத்தோடு துளைக்கும் வண்டும் உள்ளே வரும்.

"ஆம்ஸ்டர்டாமில் ஓவியர் ரெம்பிராண்ட் வீட்டில் அறை நிறையப் பொருள் வைத்திருக்கிறார்களே?" நியாயமான கேள்வி. அவர் திவாலானபோது, 1656-இல், அதிகாரிகள் அறை அறையாகப் போய் என்னென்ன இருந்தது என்று பட்டியல் எழுதினார்கள். அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது, அதை வைத்து நிரப்பினார்கள். அந்த வீட்டின் உட்புறமும் ஏற்கெனவே பலமுறை மாறிப்போயிருந்தது, கெடுவதற்குப் பழைய சுவர் அதிகம் இல்லை. ஓவேரில் நிலைமை நேர்மாறு: சுவர் இருக்கிறது, கட்டில் இல்லை. இருப்பதைக் கெடுத்து இல்லாததை ஏன் நட்டுவைக்க வேண்டும்?

டிக்கெட் காசு வீண் என்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மனிதன் ஒரு நாளுக்கும் மேலாக வலியில் கிடந்து செத்த இடம் அது. அங்கே போய் பார்க்க ஒன்றுமில்லை என்று கேமராவைப் பார்த்துச் சொல்ல எப்படி மனம் வந்தது?

கமெண்டில் ஒருவர் போட்டிருக்கும் "வான்கோவின் கட்டில்" படம், வான்கோ ஓவேருக்கு வருமுன் சிகிச்சைக்காகத் தங்கிய சென் ரெமி ஊர் மனநல விடுதியில் பார்வையாளர்களுக்காக மீட்டமைத்த அறை. தயவுசெய்து அதை இதோடு சேர்த்துப் பகிராதீர்கள். அந்தக் காலத்து விடுதி அறை எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ரவூ விடுதியிலேயே ஏற்பாடு இருக்கிறது. 5-ஆம் எண்ணுக்குப் பக்கத்தில், டச்சு ஓவியர் ஹிர்ஷிக் தங்கியிருந்த அறையில், கட்டிலெல்லாம் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.