ரேஞ்ச் எவ்வளவு என்று கேட்கிறோம், கார் சீட் திரும்பி நிற்குமா என்று கேட்பதில்லை

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எலெக்ட்ரிக் கார் வாங்கும் பேச்சு வந்தால் முதலில் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும்), அப்புறம் சார்ஜர், அப்புறம் பேட்டரி வாரன்ட்டி, கடைசியில் சன்ரூஃப். டிக்கியில் எத்தனை பெட்டி போகும் என்றுகூட விசாரிக்கிறோம். குழந்தையின் கார் சீட்டைப் பின்பக்கம் பார்த்தபடி மாட்டினால் முன்னால் உட்காருகிறவருக்குக் கால் நீட்ட இடம் மிஞ்சுமா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஃபேமிலி கார்" என்று விளம்பரம் செய்கிறவர்களும் சொல்வதில்லை, ஒரு மணி நேரம் ரிவ்யூ போடுகிறவர்களும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் ஒரு இவி (எலெக்ட்ரிக் கார்) குடும்பத்துக்கு ஒத்துவருமா என்பதை இந்த ஒரு கேள்வியிலேயே பாதி தெரிந்துகொள்ளலாம்.

ரியர் ஃபேசிங் என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. குழந்தையின் முதுகு காரின் முன்பக்கம், முகம் பின்கண்ணாடிப் பக்கம். பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்பங்கு தலைதான். கழுத்தெலும்புகள் இன்னும் முழுசாகக் கூடியிருக்காது, நிறைய இடம் குருத்தெலும்புதான். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தையை மோதலில் பெல்ட் தோளோடு பிடித்து நிறுத்திவிடும், தலையை நிறுத்த எதுவும் இல்லை. மொத்த இழுப்பும் கழுத்துக்கு. பின்பக்கம் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் சீட்டே சேர்த்துத் தாங்கிக்கொள்கிறது.

இதை முதலில் யோசித்தவர் சுவீடனின் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் பெர்ட்டில் ஆல்ட்மன். அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்களின் இருக்கை, ராக்கெட் கிளம்பும்போது வரும் விசையை முதுகால் வாங்கிக்கொள்ளும்படி இருந்ததைப் பார்த்து, அதே கணக்கைக் குழந்தைக்குப் போட்டார். 1964இல் முதல் மாதிரி வால்வோ காரில் சோதிக்கப்பட்டது. அங்கே இன்றைக்கும் நான்கு வயது வரையாவது பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வைக்கச் சொல்கிறார்கள். குழந்தைகளின் கார் சீட்டுக்கான ஐரோப்பாவின் ஆர்129 விதியில் 15 மாதம் வரை கட்டாயம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் முன்பு இரண்டு வயது வரை என்றது. 2018இல் வயதை எடுத்துவிட்டு, அந்த சீட் தாங்கும் எடையும் உயரமும் எட்டும்வரை திருப்பாதீர்கள் என்று மாற்றிக்கொண்டது.

நம் ஊரில் குழந்தை ஒரு வயதைத் தொட்டதும் "பாவம், கால் மடங்குது, முன்னாடி திருப்பு" என்று வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள். மடங்கட்டும். குழந்தைகள் தரையிலும் சம்மணம் போட்டுத்தான் உட்காருகின்றன, அவர்களுக்கு அது வசதிக்குறைவே இல்லை. வசதிக்குறைவு நமக்குத்தான், முகம் தெரியவில்லையே என்று.

இப்போது ஐந்து நட்சத்திரத்துக்கு வருவோம். நம் இவிகள் இதில் நன்றாகவே செய்கின்றன, குறை சொல்ல முடியாது. கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் இந்தியச் சோதனையான பாரத் என்கேப்பில் டாடா பஞ்ச் இவி குழந்தைப் பாதுகாப்பில் 49க்கு 45. மஹிந்திரா பிஇ6, எக்ஸ்இவி 9இ இரண்டும் 45. நெக்ஸான் இவி 44.95. ஷோரூம் வாசலில் இதை பேனராகக் கட்டியிருப்பார்கள். அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தை அளவுள்ள இரண்டு பொம்மைகளைப் பின்சீட்டில், ஒழுங்காக மாட்டிய கார் சீட்டில் உட்கார வைத்துத்தான் காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறார்கள். அந்த 49இல் 12 மதிப்பெண், கார் சீட்டுகளைச் சரியாக மாட்ட முடிகிறதா என்பதற்கே. பாட்டி மடியில் பொம்மையை வைத்து யாரும் ஐந்து நட்சத்திரம் வாங்கவில்லை. குழந்தையை மடியில் வைத்துப் போகிறவர்கள் அந்த நட்சத்திரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அதை ஷோரூமிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

மடிக்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 200 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். அதுவும் கண் இமைப்பதற்குள். எந்த அம்மாவாலும் முடியாது, எந்த அப்பாவாலும் முடியாது. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் பெல்ட்டோ கார் சீட்டோ இல்லாமல் போனால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது. ஹெல்மெட்டுக்கு மடக்குவார்கள், இதற்கு ஒருவரையும் மடக்கி நான் பார்த்ததில்லை.

சரி, இடப் பிரச்சினை. ரியர் ஃபேசிங் சீட் முன்பின்னாக நிறைய இடம் கேட்கும், முக்கியமாகக் கைக்குழந்தைக்காக நன்றாகச் சாய்த்து வைத்தால். பேட்டரி தரைக்கு அடியில் போவதால் பல இவிகளில் உள்தளம் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது, பெரியவர்களின் முழங்கால் ஏற்கெனவே தூக்கிக்கொண்டு நிற்கும். அதன்மேல் முன்சீட்டையும் தள்ளச் சொன்னால் கதை முடிந்தது. முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே டியாகோ இவிக்கு 2400 மில்லிமீட்டர், பஞ்ச் இவிக்கு 2445, நெக்ஸானுக்கு 2498. எம்ஜி வின்ட்சரில் 2700, மஹிந்திராவின் இரண்டிலும் 2775. இந்த 375 மில்லிமீட்டர் வரையிலான வித்தியாசத்தில்தான் ஒரு தாத்தா முன்சீட்டில் உட்காருவதா வேண்டாமா என்பது அடங்கியிருக்கிறது. பாரத் என்கேப்பில் தாத்தாவின் முழங்காலுக்கு மதிப்பெண் கிடையாது.

எங்கள் வீட்டில் இதை வேறு மாதிரி தீர்த்தோம். பொதுவாகச் சொல்வது, கார் சீட்டை இடப்பக்கம் மாட்டு, நடைபாதைப் பக்கம் இறக்கலாம் என்று. நியாயம்தான். ஆனால் என் மாமனார் ஆறடி, அவர் முன்னால் இடப்பக்கம்தான் உட்காருவார். வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் என் மனைவி, ஐந்தடி இரண்டங்குலம், சீட்டை இழுத்துப் போட்டுத்தான் ஓட்டுவாள். அதனால் அவள் பின்னால் மாட்டினோம். குழந்தையை வலப்பக்கம், வண்டி வரும் பக்கம் இறக்க வேண்டியிருக்கிறது. தெருவில் நிறுத்தும்போது எரிச்சலாக இருக்கும், இடப்பக்கக் கதவு வழியாக ஏறி எட்டிப் பிடித்து எடுப்போம். இப்படி ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்காமல் சின்ன காரில் வழியில்லை. என்ன ஆனாலும் ஏர்பேக் வேலை செய்கிற முன்சீட்டில் மட்டும் இதை மாட்டவே கூடாது. விரியும் பை நேராக சீட்டின் முதுகை, அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால், அடிக்கும்.

கார் பார்க்கப் போனபோது ஒரு ஷோரூமில் எங்கள் சீட்டைத் தூக்கிக்கொண்டே போனேன். சேல்ஸ் தம்பி நான் ஏதோ திருப்பிக் கொடுக்க வந்த மாதிரி பார்த்தார். ஐசோஃபிக்ஸ் கொக்கி (பெல்ட் இல்லாமல் கார் சீட்டை நேராக மாட்ட காரிலேயே இருப்பது) எங்கே என்று கேட்டதற்கு போன் செய்து விசாரித்துச் சொன்னார். தம்பியைக் குறை சொல்லவில்லை, அவரிடம் யாரும் அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நீங்களும் தூக்கிக்கொண்டு போங்கள். மாட்டிவிட்டு, வீட்டிலேயே உயரமானவரை முன்னால் உட்கார வையுங்கள். சீட்டுக்குத் தாங்குகால் (கார் தரையில் ஊன்றி சீட்டைத் தாங்கும் கால்) இருந்தால் அது நிற்கும் தரையைத் தட்டிப் பாருங்கள். அடியில் பொருள் வைக்கும் பெட்டி இருந்து மேலே மூடி மட்டும் இருந்தால் அது தாங்காது, கார் மேனுவலில் பார்த்தே ஆக வேண்டும். வின்ட்சர் மாதிரி பின்சீட் 135 டிகிரி வரை சாயும் கார்களில், எந்தக் கோணத்தில் வைத்து மாட்டணும் என்பதையும் பாருங்கள்.

இவிக்கே உரிய ஒரு தொல்லை, வாந்தி. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ரீஜென் (வேகத்தைக் குறைத்து அந்தச் சக்தியில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பிரேக்) பிடித்து இழுக்கும். ஓட்டுகிறவருக்கு அது எப்போது வரும் என்று தெரியும், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குத் தெரியாது. நெக்ஸானிலும் பஞ்சிலும் ஸ்டீயரிங் பின்னால் இருக்கிற பேடிலில் ரீஜென் அளவைக் குறைக்கலாம். குழந்தை இருக்கும்போது குறைத்து வையுங்கள், போகிற ரேஞ்ச் போகட்டும்.

நன்மையும் உண்டு. சித்திரை வெயிலில் நின்ற காரில் கார் சீட்டின் பக்கிள் தொடமுடியாமல் கொதிக்கும். போனில் இருக்கிற காரின் ஆப் வழியாக ஏசியை முன்கூட்டியே போட்டுவிட்டு, பக்கிளைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தையை ஏற்றலாம். இன்னொன்று, சார்ஜிங் நிறுத்தம். சின்னக் குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாக அந்த சீட்டில் வைக்காதீர்கள் என்பதுதான் பொதுவான ஆலோசனை, தலை மார்பில் சரிந்தால் மூச்சுக்குழாய் மடங்கும் என்பதால். சென்னையிலிருந்து திருச்சி போகிறவர்கள் விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை பக்கம் எப்படியும் சார்ஜ் போட நிற்கிறோம். பெட்ரோல் காரில் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டிக்கொண்டே போவோம், இதில் கார் நம்மை நிறுத்திவிடுகிறது. தூங்குகிறதே என்று சீட்டிலேயே விட்டுவிட்டு நாம் மட்டும் காபி குடிக்கப் போகக் கூடாது. எழுந்து அழுதாலும் பரவாயில்லை, வெளியே எடுங்கள்.

விலையைச் சொல்லி யாரும் தப்பிக்க வேண்டாம். 15 லட்சம் ரூபாய் காருக்கு சீட் கவரும் டேஷ் கேமும் வாங்குகிற காசைக் கொஞ்சம் கூட்டினால் ஓரளவு நல்ல கார் சீட்டே வந்துவிடும். தெரிந்தவர் பயன்படுத்திய சீட் என்றால், மோதலில் சிக்கிய காரிலிருந்து வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஆமாம் என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

வின்ட்சர், பிஇ6, கர்வ், நெக்ஸான் வைத்திருக்கிறவர்கள் ரியர் ஃபேசிங் மாட்டியிருந்தால் கமென்ட்டில் எழுதுங்கள். எந்த சீட், எந்தப் பக்கம், முன்னால் உட்காருகிறவர் உயரம் எவ்வளவு, முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறதா. படம் இருந்தால் இன்னும் நல்லது, குழந்தை முகம் தெரியாமல் போடுங்கள்.