படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்

சென்ற ஆவணியில் நான் படமெடுத்த ஒரு கலியாண வீட்டிலிருந்து, அல்பத்துக்கான தெரிவுகளைப் பார்த்துவிட்டு ஒரு படத்தை வட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மணமக்களுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி நின்ற ஒரு பெண்மணியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இவவை அழிச்சுத் தர ஏலுமோ?" என்று கேட்டிருந்தார்கள். பச்சைக் கூறைச்சேலை, ஒரு கையில் மணமகளின் கைப்பை, மற்றக் கையில் மணமகளின் செருப்புச் சோடி. மணமகளின் பெரியம்மா அவர். காலை ஆறு மணிக்குத் தலைசீவத் தொடங்கியதிலிருந்து பிற்பகலில் பந்தி முடியும்வரை அந்தக் கைப்பையையும் செருப்பையும் எவரிடமும் கொடுக்காமல் காவல் காத்தவர்.

அழிப்பது இப்போது பெரிய வேலையல்ல. முன்பு ஒரு ஆளைப் படத்திலிருந்து எடுக்க அரை நாள் குந்தியிருந்து, பக்கத்துச் சுவரைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்ட வேண்டும். இன்று விரலால் ஒரு கோடு இழுத்தால், அங்கே அப்படியொருவர் நின்ற தடயமே இல்லாமல் கணினி சுவரை நிரப்பிவிடும். அவ்வளவு இலகுவாகிவிட்டதால்தான், அழிக்கலாமா என்று இந்தப் பதிவில் கேட்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளில் கமராவோடு நிற்கத் தொடங்கி இருபது வருடங்கள் கடந்துவிட்டன. ஏ9 பாதை 2002இல் திறந்து, வெளிநாட்டிலிருந்து உறவுகள் வரிசையாக வந்து இறங்கிய காலத்தில், 36 படங்கள் கொண்ட பிலிம் றோல்களை எண்ணி எண்ணிப் பழகியவன் நான். றோல் எண்ணிக்கையில் வந்தபடியால் யாரை எடுப்பது, யாரை விடுவது என்று வீட்டுக்காரர் முதல்நாளே பட்டியல் தருவார்கள். பட்டியலில் இடம்பெறாத ஆட்கள் எல்லோரும் படத்தின் ஓரங்களில்தான் வந்து விழுவார்கள். இன்று அந்தப் பழைய படங்களை எடுத்துப் பார்க்கிற எவரும் நடுவில் இருக்கிற மணமக்களில் நெடுநேரம் நிற்பதில்லை. ஓரத்தைத்தான் தேடுகிறார்கள். இது என் அனுமானமல்ல, என் ஸ்ரூடியோ மேசையில் திரும்பத் திரும்ப நடந்தது.

மயிலிட்டியைச் சேர்ந்த ஒரு குடும்பம் 2017இல் என்னிடம் ஒரு படத்தோடு வந்தது. 1990 ஆனி மாதத்தில் அந்தக் கரையோர ஊர்கள் முழுவதும் இடம்பெயர்ந்தன என்பதும், அவர்களுடைய நிலம் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தது என்பதும் இங்கே எல்லோரும் அறிந்த கதை. 2017 ஆடி 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டிய ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டபோது, இருபத்தேழு வருடங்களுக்குப் பிறகு போய்ப் பார்த்தவர்களில் பலருக்குத் தங்கள் வளவு எது என்றே அடையாளம் பிடிபடவில்லை. வீடு இல்லை, மதில் இல்லை, வேலி இல்லை. ஒழுங்கை இருந்த இடத்தில் பற்றைக்காடு. இந்தக் குடும்பத்திடம் மிஞ்சியிருந்தது எண்பதுகளில் எடுத்த ஒரேயொரு கலியாணப் படம். அதுவும் அந்த நாளிலேயே ஜேர்மனியிலிருந்த தம்பிக்குத் தபாலில் அனுப்பியிருந்தபடியால் தப்பியது.

படத்தை நான் ஸ்கான் செய்து திரையில் பெரிதாக்கினேன். நடுவில் பட்டுவேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை, குனிந்த தலையோடு பொம்பிளை. அந்தப் பொம்பிளை இப்போது பேரப்பிள்ளைகள் கண்ட அம்மம்மா, என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். தன் முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. "அங்காலை, அங்காலை, இன்னும் கொஞ்சம் அங்காலை தள்ளு தம்பி" என்று சொல்லிச் சொல்லி, படத்தின் வலப்பக்க மூலைக்கு என்னைக் கொண்டுபோனார். அங்கே பாதி வெட்டுப்பட்டபடி ஒரு துலாக்கால். அதற்குக் கீழே கிணற்றுக்கட்டின் ஒரு முனை, முனையில் கைப்பிடியளவு சீமெந்து உடைந்து போயிருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த இரண்டு பனைகள். கிணறுகளை அவ்வளவு இலகுவில் அழிக்க முடியாது. படத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பற்றைக்குள் கிணறு கிணறாகப் போய், உடைந்த முனையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கவடு வைத்து அளந்து தங்கள் வளவின் எல்லையைக் குறித்தார்கள். துலாக்கால் இல்லை, பனைகளில் ஒன்றுக்குத் தலையில்லை. முனை மட்டும் அப்படியே உடைந்தபடி இருந்தது.

அந்தப் படத்தை எடுத்த கலைஞர் யாரென்று எனக்குத் தெரியாது. இன்றைய கணக்கில் அது நல்ல படமுமல்ல. மணமக்கள் சற்று இடப்பக்கம் ஒதுங்கிவிட்டார்கள், துலாக்கால் குறுக்கே வந்துவிட்டது. என்னைப்போன்ற ஒருவன் எடுத்திருந்தால் அந்தக் கிணறு படத்திலேயே வந்திராது.

தன்னடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. என் கையாலேயே அப்படியொரு பிழை நடந்திருக்கிறது. போர் முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கத் தொடங்கிய காலத்தில் 85 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று வாங்கினேன். துவாரத்தை முழுதாகத் திறந்து எடுத்தால் முகம் மட்டும் கூர்மையாக நிற்கும், பின்னால் உள்ளதெல்லாம் பால்பாயசம்போலக் கரைந்துவிடும். அந்த மயக்கத்தில் இணுவில் பக்கத்தில் ஒரு நாற்சார் வீட்டில் நடந்த கலியாணத்தை முழுக்க முழுக்க அந்த ஒரு லென்ஸாலேயே எடுத்து முடித்தேன். படங்களைப் பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள், நானும் நம்பினேன். நாலு வருடங்களில் அந்த வீடு விற்பனையாகி, வாங்கியவர் இடித்து மாடி கட்டினார். பிறகு ஒருநாள் அந்த வீட்டு மகள் இலண்டனிலிருந்து தொலைபேசி எடுத்து, நடுமுற்றமும் திண்ணையும் தெரிகிற படம் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டார். எண்ணூறுக்கு மேற்பட்ட படங்களை இரவிரவாகப் புரட்டினேன். மரத்தூண்கள் மண்ணிறக் கோடுகளாகத் தெரிந்தன. முற்றத்தில் விழுந்த வெயில் வெறும் மஞ்சள் வட்டங்களாக இருந்தது. வீடு எங்கும் இல்லை. அவர் கோபிக்கவில்லை. "பரவாயில்லை அண்ணா, நாங்கள் வடிவா வந்திருக்கிறம்தானே" என்றார்.

இப்போது கலியாணங்கள் பெரும்பாலும் மண்டபங்களுக்குப் போய்விட்டன. அதில் எனக்குக் குறையில்லை. வீட்டில் பந்தலிட்டு, அடுப்பு மூட்டி, ஐந்நூறு பேருக்குச் சமைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே பிளாஸ்ரிக் பூச்சுவர், அதே வெளிச்சத் திரை, அதே வெள்ளைச் சோபா. அல்பத்தை மூடிவிட்டு இது சுன்னாகமா கனடாவின் ஸ்காபரோவா என்று கேட்டால் எடுத்த எனக்கே சொல்லத் தெரியாது. அதனால்தான் மண்டபக் கலியாணம் என்றாலும் பொன்னுருக்குக்கும் கன்னிக்காலுக்கும் என்னைக் கட்டாயம் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிலர் அதற்குக் கைபேசிப் படமே போதும் என்கிறார்கள். என்னைக் கேட்டால், மேடைக்குத்தான் கைபேசி போதும்.

பொன்னுருக்கு, அதாவது தாலிக்குப் பொன் உருக்குவது, மாப்பிள்ளை வீட்டில் நடப்பது. கரி கனன்று சிவக்க, ஆசாரியார் குழலால் ஊத, பவுண் முதலில் கறுத்து, பிறகு ஓரங்களில் கண் திறந்தாற்போல மினுங்கி, திடீரென்று ஒரு துளியாகச் சுருண்டுகொள்ளும். அந்த நேரத்தில் நான் ஃபிளாஷ் போடுவதில்லை, போட்டால் அந்தச் செம்மை செத்துவிடும். கமராவைப் பொன்னின்மேல் வைப்பதுமில்லை. எல்லோரும் தங்களை மறந்து பொன்னைப் பார்க்கிற அந்தக் கண்களைத்தான் எடுக்கிறேன், ஏனென்றால் ஒரு கலியாணத்தில் கமராவை எவருமே நினைக்காத கணம் அது ஒன்றுதான். பொன் உருகி முடிந்ததும் வீட்டின் ஈசான மூலையில் முள்முருக்கந்தடி ஒன்றைக் கன்னிக்காலாக ஊன்றிப் பால் வார்ப்பார்கள். அந்த மரத்துக்குக் கலியாண முருங்கை என்றே பெயர். வெட்டி ஊன்றினால் துளிர்க்கிற சாதி என்பதால், பழைய வளவுகளில் யாரோ ஒரு பெரியப்பாவின் கன்னிக்கால் மரமாகி, இலையை ஆடு தின்ன நின்றதுண்டு. இப்போது சில வீடுகளில் தடியை மண் நிரப்பிய தகரத்தில் ஊன்றி, மறுநாள் தகரத்தோடு தூக்கி மதிலோரம் வைத்துவிடுகிறார்கள். முற்றம் முழுக்கக் கல் பதித்தாயிற்று, பாவம் அவர்களும் எங்கே ஊன்றுவது.

வெளிப்புறப் படப்பிடிப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் ஏற்றபடி ஆவணி முகூர்த்தத்தைப் பிடிக்கிறார்கள். பிடித்துவிட்டு, தை மாதத்தில் யாரோ எடுத்த படமொன்றைக் காட்டி, பச்சை வயலும் பூநாரைக் கூட்டமும் வேண்டும் என்கிறார்கள். எங்கள் வயல்கள் வானம் பார்த்தவை. ஐப்பசி மழையோடு எழுந்து, தை மாசியில் அறுவடையாகி, பிறகு அடுத்த மழைவரை வெடித்துக் கிடக்கும். பூநாரைகள் மாரிகாலத்து விருந்தாளிகள். ஆவணியில் கடல்நீரேரியின் ஓரங்கள் வற்றி உப்புப் பூத்திருக்கும், சோளகக் காற்று புழுதியை அள்ளி மணமகளின் கண்மையில் அப்பும். சென்ற வருடம் ஒரு மாப்பிள்ளை, "அப்ப பறவையை எடிற்றிங்கில போடுவமே" என்று கேட்டார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆவணிக்கும் அதன் வடிவு உண்டு. பனம்பழம் விழுகிற காலம் அது. விடியப்புறத்தில் பனந்தோப்புக்குள் நின்றால் அந்த வாசனையிலேயே முகங்கள் இளகிவிடும். மணற்காட்டின் மணற்திட்டுகளும், மணல் மூடிய பழைய அந்தோனியார் ஆலயத்தின் சுவர்களும் காய்ந்த வெயிலில்தான் தங்கள் நிறத்தைக் காட்டும். இந்த மண்ணுக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது, உங்கள் கலியாணம் அதில் ஒரு திகதியில் நடக்கிறது. எந்த மாதத்தில் கட்டினீர்களோ அந்த மாதத்து வெயில் படத்தில் இருக்கட்டும்.

மாரியில் வருகிறவர்களிடம் வேறொரு கண்டிப்பு வைத்திருக்கிறேன். மண்டைதீவுப் பக்கத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து சேற்றுநீரை அலசித் தின்றுகொண்டிருக்கும்போது, அவை ஒருசேர எழும்பிப் பறக்கிற ஒரு காட்சிக்காக ட்ரோனை நேரே கூட்டத்தின்மேல் இறக்குகிறார்கள். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். படம் அபாரமாக வந்தது. எழும்பிய கூட்டம் அன்று முழுக்க அந்த இடத்துக்குத் திரும்பவில்லை. அத்தனை தூரம் பறந்துவந்த உயிருக்கு உடம்பில் ஏற்றுகிற ஒவ்வொரு வாய் தீனும் திரும்பிப் போகிற வழிக்கான சோறு. சுண்டிக்குளத்தை 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கி, 2015இல் தேசியப் பூங்காவாகவும் உயர்த்தினார்கள். சரணாலயப் பலகைக்கு உள்ளே நிற்கிற பறவைக்குத்தான் பாதுகாப்பு என்று எங்கள் ஆட்கள் விளங்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது. இப்போது நான் மணமக்களைப் பண்ணைத் தாம்போதியில் தூரத்திலேயே நிறுத்தி, பறவைகளை அடிவானத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடாக மட்டும் வைத்து எடுக்கிறேன். அது பிடிக்காதவர்கள் வேறு ஆளைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

மறுபடி மனிதர்களிடம் வருகிறேன். ஒரு கலியாணத்தில் மணமகளின் தாய், கணவனை இழந்தவர், தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்தின் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். போகச் சொல்லி எவரும் சொல்லவில்லை, அவராகவே போய் நின்றார், நிற்கும்படி ஊர் அவரைப் பழக்கியிருக்கிறது. சீட்டுப் பிடித்து, தையல் தைத்து அந்தக் கலியாணத்தை நடத்தியவரே அவர்தான். முகூர்த்த நேரத்தில் சபையில் போய் வழக்கம் பேசுகிற இடத்தில் நான் இல்லை. இடம் மாறி நின்றேன், அவ்வளவுதான். மேளம் கொட்டி அட்சதை பறக்கிற அந்தப் படத்தில், இடப்பக்க ஓரத்தில், தூணைப் பிடித்த ஒரு கையும் அரை முகமுமாக அவரும் இருக்கிறார். அந்த வழக்கம் எனக்கு உடன்பாடில்லை என்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்த வழி அது.

இன்னொரு வீட்டில் சுவரில் ஒரு இளைஞனின் படம் தொங்கியது. மாலை இல்லை, விளக்கும் இல்லை. போர் முடிந்த 2009க்குப் பிறகு மாலையிடாத படம் தொங்குகிற வீட்டில் எதையும் கேட்கக்கூடாது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். குடும்பப் படத்துக்கு ஆட்களை ஒழுங்குபடுத்தும்போது, அந்தச் சுவர் ஆட்களுக்குப் பின்னால் மறையாதபடி இரண்டு மாமாமாரைச் சற்று விலகி நிற்கச் சொன்னேன். ஏன் என்று அவர்களும் கேட்கவில்லை.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தச் சிவப்பு வட்டத்துக்கு மறுமொழி எழுதினேன். அழிக்க மாட்டேன் என்று எழுதவில்லை, ஏனென்றால் படம் அவர்களுடையது, கூலி வாங்கியவன் நான். யாரை அழிக்கச் சொல்கிறீர்கள் என்பது பிள்ளைக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். அன்றிரவே மணமகள் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்தார். சிவப்பு வட்டம் அவர் போட்டதல்ல. அந்தப் படத்தை அல்பத்தின் நடுப்பக்கத்தில், இரண்டு பக்கமும் விரிய வைக்கச் சொன்னார்.

போன கிழமை அல்பத்தைக் கொடுக்கப் போனபோது பெரியம்மாவும் அங்கே இருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் படத்தில் தன் வலக்கையைத் தட்டிக் காட்டி, "செருப்பையாவது மறைச்சு எடுத்திருக்கலாமே தம்பி" என்றார்.