வெள்ளிக்கிழமை இரவு, தரையில் உட்கார்ந்த குடும்பங்கள்

போன வெள்ளிக்கிழமை இரவு எட்டேகால் மணி இருக்கும். எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பறையில் ஒரு அப்பத்தா சத்தமாகச் சொன்னார்: "ஏ, இது நம்ம கெணத்துத் துலா மாதிரில்ல இருக்கு!"

அவர் பார்த்துக்கொண்டிருந்தது பேரன் செய்த தூக்குப்பாலத்தை. இரண்டு பக்கமும் அட்டையில் கோபுரம், நடுவில் மடித்த அட்டையில் பாலம். பாலத்தில் கட்டிய நூல் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் காலி நூல்கட்டை மேல் ஏறி, அந்தப் பக்கம் ஒரு சின்ன மணல் பையில் முடிகிறது. மணலைக் கூட்டிக் குறைத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒற்றை விரலால் பாலத்தைத் தூக்கலாம். அந்த அப்பத்தா சின்ன வயதில் துலாவில் தண்ணீர் இறைத்தவர். துலாவின் பின்பக்கம் கல்லைக் கட்டியிருந்ததால்தான் நிறைந்த வாளி லேசாக மேலே வந்தது என்பது அவருடைய தோளுக்குத் தெரியும். "எதிர் எடை" என்று நான் வகுப்பில் மூன்று முறை சொல்லிக்கொடுத்ததை அவர் அரை நிமிடத்தில் பேரனுக்குப் புரியவைத்துவிட்டார்.

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். நாங்கள் நடத்தும் "குடும்பப் பொறியியல் இரவு" பற்றித்தான் இந்தப் பதிவு. பல ஊர்களிலிருந்து ஆசிரியர் நண்பர்கள் கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அறிவியல் கண்காட்சி இல்லை. கண்காட்சிக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் தெர்மாகோல் எரிமலையும் சூரியக் குடும்பமும் பெரும்பாலும் முந்தின நாள் இரவு அப்பா செய்தது, அல்லது கடையில் வாங்கியது. பிள்ளை அதன் பக்கத்தில் யூனிஃபார்மில் நின்று மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும், பெற்றோர் வந்து போட்டோ எடுப்பார்கள். ஒருவர் கையும் அழுக்காகாது, எதுவும் உடையாது. உடைந்து, ஏன் உடைந்தது என்று குடும்பமே குனிந்து பார்க்காத இடத்தில் பொறியியல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊரில் பொறியியல் என்ற சொல்லுக்கே கட் ஆஃப், கவுன்சலிங், சீட் என்றுதான் அர்த்தம் வந்துவிட்டது. அது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு காசு கட்டி நுழையும் ஒரு இடம். லாரிக்கு பிரேக் பார்க்கிறவர், வலை முடிகிறவர், பனையோலையில் பெட்டி முடைகிறவர் யாரும் தங்களைப் பொறியியலுக்குச் சொந்தக்காரர்களாக நினைப்பதில்லை. பள்ளிக்கு வந்தால் வாசல் பக்கமே நின்றுகொண்டு "எங்களுக்கு என்ன டீச்சர் தெரியும், நீங்க பார்த்துச் சொன்னா சரி" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு மனசு வலித்துத்தான் இதை ஆரம்பித்தேன்.

முதல் வருடம் நன்றாக நடக்கவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தோம். சிறப்பு விருந்தினர், குத்துவிளக்கு, பொன்னாடை எல்லாம் முடியப் பதினொன்றே கால். வந்திருந்தது ஒன்பது குடும்பம். அதிலும் அப்பாக்கள் இரண்டே பேர். காலை பத்து மணிக்கு யார் வேலையை விட்டுவிட்டு வருவார்கள்? கடலோரத்தில் இருந்துகொண்டு கடல் நாளைப் பார்க்காமல் தேதி குறித்தது என் தவறு. எங்கள் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி என மூன்று நாள்தான் கடலுக்குக் கிளம்பும், மறுநாள் திரும்பும். அப்படியானால் வெள்ளி மாலை அவர்கள் கரையில் இருப்பார்கள். அடுத்த முறை வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு வைத்தோம். விருந்தினர் இல்லை, மேடை இல்லை, நாற்காலியும் இல்லை. பாய் விரித்தோம். சுண்டலும் டீயும் உண்டு என்று பிள்ளைகளே கையால் எழுதி அழைப்பு கொடுத்தார்கள். முப்பத்தொரு குடும்பம் வந்தது.

நாற்காலி வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நாற்காலி போட்டால் பெரியவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். பாயில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் கை தானாகப் பொருளைத் தேடிப் போகும்.

பொருள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பழைய பேப்பர், ஈர்க்குச்சி, ஐஸ் குச்சி, நூல், அட்டைப்பெட்டி, சைக்கிள் வால்வு டியூப், ஊசி இல்லாத புது சிரிஞ்சு, குளுக்கோஸ் ஏற்றும் குழாய். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வால்வு டியூப் யோசனை அரவிந்த் குப்தாவுடையது. கான்பூர் ஐஐடியில் படித்தவர் அவர். 1978இல் மத்தியப் பிரதேசத்தின் கிராமப் பள்ளிகளில் நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்கு வந்து, வால்வு டியூப்பைத் துண்டுதுண்டாக வெட்டி, அதில் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணமும் சதுரமும் செய்து காட்டினார். சதுரத்தை அமுக்கினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. ஒரு குச்சியைக் குறுக்கே போட்டதும் சதுரமும் நின்றுவிடும். இதைச் சொல்லக்கூடாது, கையில் கொடுக்க வேண்டும். எங்களுக்குத் தீக்குச்சியைவிட ஈர்க்குச்சி வசதி.

எல்லோருக்கும் முதல் வேலை காகிதப் பாலம். இரண்டு பக்கம் புத்தகம் அடுக்கி, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒரு ஏ4 தாளை மேலே வைக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் இரண்டு வைத்ததும் தாள் தொங்கி விழுந்துவிடும். அதே தாளை விசிறி மாதிரி நெளிநெளியாக மடித்து வைத்தால்? அன்று ஒரு குடும்பம் அறுபத்து நான்கு நாணயம் வரை வைத்தது. பையிலிருந்த சில்லறையெல்லாம் தீர்ந்து பக்கத்துப் பாயில் கடன் வாங்கினார்கள்! தாள் அதேதான், எடையும் அதேதான். மடிப்பு நின்றதால் தாளுக்கு உயரம் கிடைத்தது. உயரம் கிடைத்தால் வளையாது. கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுக் கூரைத் தகரம் ஏன் நெளிநெளியா இருக்குன்னு இன்னைக்குத்தான் டீச்சர் தெரியுது." பாடப் புத்தகத்தில் நான் தேடிக்கொண்டிருந்த உதாரணம் அவர் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

இரண்டாவது வேலைதான் எங்கள் ஊருக்கே உரியது, பாம்பன் பாலம். 1914இல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கையையும் மேலே தூக்குவது போலத் திறக்கும். அதைத் திறக்க ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்ற வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தி, புதுப்பாலம் திறந்து ரயில் ஓடும்வரை இரண்டு வருடத்துக்கும் மேல் எங்கள் பிள்ளைகள் அந்த வேலையை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் மாதிரிப் படம் எதுவும் நான் கொடுக்கவில்லை. "பாலத்தைத் தூக்கிக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னேன். சிலர் அந்த அப்பத்தாவின் பேரன் போல மணல் பை கட்டினார்கள், சிலர் சிரிஞ்சைக் கையில் எடுத்தார்கள்.

5 மில்லி சிரிஞ்சையும் 20 மில்லி சிரிஞ்சையும் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்பினால், சின்னதை அழுத்தும்போது பெரியது பலமாகத் தள்ளும். பெரியது நகரும் தூரம் மட்டும் குறைவு. ஒரு பாயில் பையன் அழுத்திக்கொண்டே இருக்கிறான், பாலம் அசையவே இல்லை. அவன் அப்பா லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிறவர், அதுவரை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஏர் இருக்குடா. ஏர் எடுத்தாத்தான் பிடிக்கும்" என்றார். பிரேக் ஆயிலில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சின்ன சிரிஞ்சைக் கழற்றி, குழாயைத் தட்டித் தட்டிக் குமிழ்களை மேலே ஏற்றி, மறுபடி நிரப்பினார்கள். அடுத்த அழுத்தில் பாலம் ஏறியது. பக்கத்துப் பாய்க்காரர்கள் எல்லாம் "அண்ணே, இங்கயும் வந்து பாருங்கண்ணே" என்று அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு ஒன்பது மணி வரை அவர் உட்காரவே இல்லை. அவர் மகன் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

இதற்காகத்தான் குடும்பமாக வர வேண்டும் என்கிறேன். பள்ளிகளில் செய்முறை இப்போது முன்பைவிட நன்றாகவே நடக்கிறது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம் என்ற செய்முறை அறிவியல் திட்டத்தால் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கருவியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனால் வீட்டில் இருப்பவருடைய கைக்கும் பள்ளியில் சொல்லும் அறிவியலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதைப் பிள்ளை எப்போது பார்க்கும்? பள்ளிக்கு அப்பா வருவது கையெழுத்துப் போடவும் திட்டு வாங்கவும் மட்டும்தான் என்று இருந்தால் பார்க்கவே பார்க்காது.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலத்தின் 146 கர்டர்களில் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்புத் தூலங்கள்) 126 கடலில் போனது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மறுபடி ரயில் விட்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்கிறோம். கர்டர்கள் கடலடியில் கிடக்கும் தகவலைக் கொண்டுவந்தது மீனவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவற்றை எடுத்துத் திரும்பப் பொருத்தியதால்தான் அத்தனை சீக்கிரம் முடிந்தது. அந்த இரவில் நான் அதைச் சொன்னபோது பாயில் இருந்த அப்பாக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சங்கடங்களும் உண்டு. பெரியது, அப்பாக்கள் பிடுங்கிக்கொள்வது. "இங்க குடு, உனக்குத் தெரியாது" என்று வாங்கி, கடைசியில் பிள்ளை வேடிக்கை பார்க்கும். பரிசு வைத்தால் இது இரண்டு மடங்கு ஆகும். ஒரு முறை உயரமான கோபுரத்துக்குப் பரிசு வைத்து, இரண்டு அப்பாக்கள் வாய்ச்சண்டை வரை போய்விட்டார்கள். அன்றோடு பரிசை நிறுத்திவிட்டேன், இனி வைக்கவும் மாட்டேன். இப்போது ஒரே ஒரு ஏற்பாடு: கத்தரியும் கடைசி முடிச்சும் பிள்ளை கையில். பெரியவர் பிடித்துக்கொள்ளலாம், கேட்கலாம், காட்டித் தரலாம். அம்மாக்கள் விஷயம் வேறு. அவர்களை யாராவது கேட்க வேண்டும். "இந்த முடிச்சு அவிழுதே, நீங்க ஓலைப்பெட்டிக்கு எப்படி முடைவீங்க?" என்று கேட்டால் போதும், கை நீளும்.

"இதைச் செஞ்சா மார்க் வருமா டீச்சர்?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். வராது என்று நேராகச் சொன்னேன். அவர்கள் எழுந்து போகவில்லை.

இதை நடத்த நினைக்கிற ஆசிரியர்களுக்கு இன்னும் ஒன்று. கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஒரு ஓரத்தில் தனிப் பாய் போடுங்கள், இல்லாவிட்டால் அம்மா பாதியில் கிளம்பிவிடுவார். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடம் முன்கூட்டியே பேசுங்கள். எங்கள் ஊரில் சுண்டல், டீ, விளக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. செய்ததை அன்றே பிரித்துப் போடாதீர்கள், ஒரு வாரமாவது வகுப்பறையில் இருக்கட்டும்.

நாங்கள் அப்படி வைத்திருந்ததால் ஒன்று நடந்தது. திங்கள்கிழமை காலை, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பா பள்ளி வாசலில் நின்றார். நாட்டுப்படகுக்காரர். விசைப்படகு போகாத நாள்தான் அவர்களுக்குக் கடல் நாள், அதனால் வெள்ளி இரவு அவர் கடலில் இருந்திருக்கிறார். "அந்த சிரிஞ்சுப் பாலம் இன்னும் இருக்கா டீச்சர்? பிள்ளை சொல்லிக்கிட்டே இருக்கு." அறையைத் திறந்துவிட்டேன். இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். அப்புறம் கேட்டார், "சனிக்கிழமை சாயங்காலம் வைக்க மாட்டீங்களா? எங்க ஆளுக பூராம் வருவோமே."

அதனால் அடுத்ததை இரண்டு இரவாக வைக்கிறோம், ஒரு வெள்ளி, ஒரு சனி. பழைய பேப்பர் சேர்க்க ஆரம்பித்துவிட்டோம்.