அஞ்சு ரூபாய் நாணயத்துக்கு அஞ்சு லட்சமா? வயிறு எரியுதுங்க

எரிச்சலில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா, ஒரே ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை நம்பி 4,800 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு நேற்று ராத்திரி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வைஷ்ணோ தேவி உருவம் போட்ட நாணயம். அந்தக் கோவில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012 என்று வருடம் பொறித்து, ஐந்து ரூபாயிலும் பத்து ரூபாயிலும் வந்ததே, அதுதான். மளிகைக் கடையிலும் பஸ்ஸிலும் சில்லறையோடு சில்லறையாக நம் எல்லோர் கைக்கும் வந்து போனது. அதற்கு ஐந்து லட்சம் தருவார்கள் என்று ஒரு வீடியோ. கீழே அக்கா தன் போன் நம்பரைப் போட்டிருக்கிறார். அடுத்த நாளே போன், ரிசர்வ் வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று. பதிவுக் கட்டணம் 800, ஜிஎஸ்டி 1,500, ஆள் வந்து எடுத்துப்போக இன்சூரன்ஸ் 2,500. அதற்கு மேல் இன்னொரு 6,000 கேட்டபோதுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

நான் பதினைந்து வருடமாக நாணயம் சேர்க்கிறவன், தெருவுக்கே தெரியும். முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா என்றால், "நீ கம்மி விலை சொல்லி அமுக்கிடுவியோன்னு பயந்துட்டேன் தம்பி" என்கிறார். எவனோ முகம் தெரியாதவன் சொன்ன ஐந்து லட்சம் நம்பும்படி இருந்திருக்கிறது, எதிர்வீட்டுக்காரன் மேல் சந்தேகம். அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த அளவுக்கு இந்த வீடியோக்காரர்கள் மனசைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாணயத்துக்கு விலை எதனால் வருகிறது? எத்தனை அடித்தார்கள், அதில் எத்தனை நல்ல நிலையில் மிச்சம் இருக்கிறது, அதைத் தேடி வாங்க ஆள் இருக்கிறார்களா, அவ்வளவுதான். பழசு என்பதால் மட்டும் விலை ஏறாது. கிழக்கிந்தியக் கம்பெனி 1835-ல் அடித்த கால் அணா செம்புக்காசு கிட்டத்தட்ட இருநூறு வருடப் பழசு, அதுவே தேய்ந்த நிலையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், ஏனென்றால் அதை அள்ளி அள்ளி அடித்திருக்கிறார்கள். இது புரிந்தால் 2012 நாணயத்துக்கு லட்சம் என்று எவனாவது சொல்லும்போது சிரிப்புதான் வரும். புழக்கத்தில் அடிபட்ட நாணயம் என்றால் பெரும்பாலும் அதன் முகமதிப்புதான், சேர்ப்பவர்கள் ஆசைப்பட்டால் கொஞ்சம் மேலே போகும். பளபளப்பு குறையாமல், கை படாமல் இருப்பதற்குத்தான் கூடுதல் விலை. அதையும் நம் ஆட்கள் விட்டுவைப்பதில்லை, வீடியோவில் காட்ட வேண்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். அக்காவும் தேய்த்திருக்கிறார். தயவுசெய்து எந்தப் பழைய காசையும் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். இருந்த மதிப்பும் அதோடு போய்விடும்.

அப்புறம் அந்த "டைமண்ட் குறி" கதை. வருடத்துக்குக் கீழே சின்ன வைரம் மாதிரி இருந்தால் இரண்டு லட்சமாம்! அது மும்பை நாணயச்சாலையின் அடையாளம். நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. எங்கே அடித்தது என்று சொல்வதற்குத்தான் அந்தக் குறி. உங்கள் பர்ஸைத் திறந்து பாருங்கள், இப்போதே நாலைந்து வைரம் கிடைக்கும். ஆதாரம் என்று ஆன்லைன் விற்பனைத் தளத்தில் எவனோ போட்டு வைத்த விலையை வீடியோவில் காட்டுகிறார்கள். ஒருவன் ஒரு கோடி என்று கூடப் போடலாம், அந்த விலைக்கு எவன் வாங்கினான் என்று ஒரு வீடியோவாவது காட்டியிருக்கிறதா?

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே தெளிவாக அறிவித்துவிட்டது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் நாங்கள் இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ எங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று. ராஜாஜி சாலையில் அவ்வளவு பெரிய கட்டடம் இருக்கிறது, இங்கிருந்து எவ்வளவு தூரம்? ஆனால் அந்த அறிவிப்பு அக்காவின் போனுக்கு வரவில்லை, வீடியோ மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது.

ராத்திரியே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்கு அடித்துப் புகார் கொடுத்தோம். பணம் போய் நான்கு நாள் ஆகிவிட்டது, அன்றைக்கே அடித்திருந்தால் பிடித்து நிறுத்தும் வாய்ப்பாவது இருந்திருக்கும். 4,800 ரூபாய் என்றால் அந்தக் கடையில் எத்தனை இட்லி என்று கணக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

காலையில் அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. கீழே "அண்ணா என்கிட்ட ரெண்டு இருக்கு", "சார் என் அம்மாவோட ஆபரேஷனுக்கு உதவும்" என்று வரிசையாக, ஒவ்வொருவரும் பத்து இலக்க நம்பரோடு. கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் நம்பரை எடுங்கள் என்று பதில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் என் பதில்களைத்தான் எடுத்திருக்கிறார்கள்.