எங்கள் இஸ்தோப்பில் பூச்சட்டி இருக்கும்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தப் படம் எல்லோர் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது: ஒரு லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று, அதன் இஸ்தோப்பில், முன் திண்ணையில், பூச்சட்டிகள். பார்த்திருப்பீர்கள். "இது உங்க அம்மா வீட்டு இஸ்தோப்புதானே?" என்று சிலர் எனக்கே அனுப்பிக் கேட்டார்கள். ஆமாம், அம்மா வீட்டு இஸ்தோப்புதான். நான் எடுத்துப் போட்ட படம்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து, லயத்தை இப்படி அழகாக்கிக் காட்டுவது தப்பு என்று, "லயத்துக்கு லிப்ஸ்டிக்" என்று தலைப்பும் வைத்துப் போட்டிருப்பவர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிற எங்கள் மலையக மக்களுக்காகப் பேசுகிறவர் என்று பெயர் எடுத்தவர். வேறு யாராவது என்றால் கண்டும் காணாமல் விட்டிருப்பேன். அவர் என்பதால்தான் எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லயத்தில் இருக்கிறவர்களின் வாசலும் அழகாக இருக்கலாம். காணியும் வீடும் கேட்பது ஒரு வேலை. இருக்கிற வாசலை லட்சணமாக வைத்திருப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும். எங்கள் அம்மா செய்கிறார்.

அந்தப் பதிவு போட்டவருக்கு மறந்திருக்கலாம், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். தோட்டங்களில் கோப்பி பயிரிட்ட காலத்தில் வெள்ளைக்காரன் லயத்துக்குப் போட்ட கணக்கு இது: பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை, முன்னால் ஒரு ஒடுக்கமான இஸ்தோப்பு. காம்பராவுக்குள் ஒருவர் படுத்திருப்பார், ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கும், கயிற்றில் ஈர உடுப்பு தொங்கும். வருகிற ஆளை எங்கே உட்கார வைப்பது? இஸ்தோப்பில்தான். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்தது அங்கேதான். அப்பா தவறியபோது சனம் வந்து உட்கார்ந்து அழுததும் அங்கேதான். பெரிய வீட்டுக்காரர்களுக்கு வாசல் என்பது கடந்து போகிற இடம். எங்களுக்கு அதுதான் ஹால். அதை அழகாக வைப்பதில் அப்படி என்ன குற்றம்?

சரி, அப்படி என்னதான் செய்துவிட்டார் அம்மா? செலவு என்று பார்த்தால் ஒரு டின் சிவப்பு பொலிஷ், கொஞ்சம் பெயின்ட், ஒரு பல்ப். அவ்வளவுதான். முதலில் இஸ்தோப்பில் கிடந்த விறகை எடுத்து லயத்துக் கோடியில் அடுக்கினார். எந்த வாசலுக்கும் இதுதான் முதல் வேலை. எதை வாங்கி வைப்பது என்று யோசிக்கும் முன்னால், கிடப்பதை எடுக்க வேண்டும். கொழுந்துக் கூடைக்கும், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குக்கும் சுவரில் இரண்டு ஆணி. அவற்றை ஒளித்து வைக்கச் சொல்லி ஒருவர் அறிவுரை எழுதியிருந்தார். ஏன் ஒளிக்க வேண்டும்? எங்களை வளர்த்த கூடை அது. தரையில் உருளாமல் ஆணியில் தொங்கினாலே பார்க்க நன்றாக இருக்கிறது.

தரையைத் தேங்காய் மட்டையால் தேய்த்து மினுக்கினார். ஆனால் சாரல் அடிக்கிற ஓரத்துக்கு பொலிஷ் போடவில்லை. போட்டால் மழை நாளில் வழுக்கி விழ வேண்டியதுதான். அங்கே ஒரு உரபேக்கை மடித்துப் போட்டிருக்கிறார். அட்டைக் கடியோடு மலையிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவ, பக்கத்தில் வாளியும் கப்பும். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு பெயின்ட், தகரத்திலிருந்து விழுகிற தண்ணீர் தெறித்தாலும் சேறு தெரியாது. மேலே வெள்ளை. கதவுக்கு மட்டும் நல்ல நீலம். முழுச் சுவருக்கும் பெயின்ட் வாங்க முடியாதவர்கள் கதவை மட்டும் அடித்துப் பாருங்கள், வாசலே வேறு மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் அந்த பல்ப். மேலே தொங்கிய வெள்ளை பல்பை எடுத்துவிட்டு, கதவுப் பக்கத்தில் தலை உயரத்துக்கு ஒரு மஞ்சள் வெளிச்ச எல்.ஈ.டி. போட்டோம். பெட்டியில் 2700 கெல்வின் என்று இருந்தால் அதுதான் மஞ்சள் வெளிச்சம். ஐந்து வாட் தாராளம். மாலையில் பனிமூட்டம் இறங்கும்போது தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபேக்டரியில், இருந்து ஏறி வருகிறவர்களுக்கு அந்த வெளிச்சம் தூரத்திலேயே தெரியும். பக்கத்து வீட்டு மாமா இப்போது சாயத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எங்கள் வாங்கில்தான் வந்து உட்காருகிறார். வாங்கு என்றால் பழைய பலகை ஒன்றும் இரண்டு மரக்கட்டையும்தான். ஆனால் உட்கார ஒரு இடம் இருந்தால்தான் வந்தவர் நிற்பார். நின்றுகொண்டே பேசினால் இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்.

இனி, பதிவு போட்டவருடைய கண்ணை உறுத்திய அந்த ஹைட்ரேஞ்சியா. தோட்டத்து பங்களாக்களில் பார்த்திருப்பீர்கள், பெரிய கொத்தாக நீலமாகப் பூக்கும். எங்கள் அப்பத்தா பங்களாத் தோட்டத்தில் களை பிடுங்கியவர். ஒரு பூவைத் தொட்டாலும் ஏச்சுதான் வாங்குவார். அதே செடி இப்போது அவருடைய மருமகளின் வாசலில் பூக்கிறது. இது அலங்காரம் மட்டுந்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயின்ட் வாளியில், அடியில் ஓட்டை போட்டு, மூன்று கல்லின் மேல் வைத்திருக்கிறார். தண்ணீர் தேங்காது, நுளம்பு வராது, தரையில் வட்டக் கறையும் விழாது. மண் தேயிலை மலை மண். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் வேண்டும், அமிலக் காரக் கணக்கில் (pH) 4.5க்கும் 5.5க்கும் நடுவில். அந்த மாதிரி மண்ணில்தான் இந்தச் செடி அலுமினியத்தை இழுத்துக்கொண்டு நீலமாகப் பூக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த வருடம் ஒரு வாளியில் சுண்ணாம்பு சிந்திவிட்டது. அந்த வாளியில் மட்டும் அடுத்த பூ ரோசாக் கலரில் வந்தது. அம்மா அதை லயத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்தச் சந்தோஷத்தைத்தான் நான் படமெடுத்தேன். அதைத்தான் நீங்கள் லிப்ஸ்டிக் என்றீர்கள்.

"சாப்பாட்டுக்கே வழியில்லாத சனத்துக்குப் பூச்சட்டியா?" என்று ஒரு கேள்வி. நாட்சம்பளத்தை 2021இல் ஆயிரம் ரூபாய் ஆக்குவதற்குள் எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம் என்று எனக்குத் தெரியும். 2024இல் 1,350 ஆனபோதும் கடைக் கணக்கு தீரவில்லை என்பதும் தெரியும். அந்தச் சம்பளத்தில்தான் அம்மா எங்களை வளர்த்தார். ஒரு கம்பை வெட்டி வாளியில் நட எவ்வளவு பணம் வேண்டும்? கஷ்டப்பட்டவள் கஷ்டப்பட்டவளாகவே தெரிய வேண்டும் என்பது யார் போட்ட சட்டம்?

"இஸ்தோப்பையே அடைத்து அறையாக்கி வைத்திருக்கிறோம், வாசலுக்கு எங்கே போவது?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். இது நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனால் வேறு வழி கிடையாது, எங்கள் லயத்திலும் பாதிப் பேர் அடைத்துத்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கு போடு, செடி வை என்று நான் சொல்லவில்லை. கதவு, வெளிச்சம், செருப்புக்கு ஒரு பலகை, இது போதும்.

"அழகாக்கிக் காட்டினால் அரசாங்கம் லயமே போதும் என்று சொல்லிவிடும்" என்பதுதான் பதிவு போட்டவருடைய பெரிய வாதம். அதற்கு ஐந்நூறு பேர் லைக் வேறு. நான் கேட்கிறேன், எங்கள் வாசல் சேறும் சகதியுமாகக் கிடந்த அத்தனை வருடமும் யார் ஓடி வந்து வீடு கட்டிக் கொடுத்தார்கள்? 1948இல் எங்கள் சனத்தின் குடியுரிமையைப் பறித்தபோது எங்கள் இஸ்தோப்பில் பூச்சட்டி இருந்ததா? 1972, 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது, லயம் அப்படியே இருந்தது. பூவைப் பார்த்து மனம் மாறுகிற அரசாங்கம் என்றால் சேற்றைப் பார்த்தும் மாறியிருக்க வேண்டுமே.

2017 மே மாதம் இந்தியப் பிரதமர் எங்கள் மலையகத்து நோர்வூட்டுக்கு வந்து, முன்பே சொன்ன நாலாயிரத்தோடு இன்னும் பத்தாயிரம் வீடு என்று அறிவித்த நாளிலிருந்து அம்மா காத்திருக்கிறார். ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. அது அவருக்கு மனப்பாடம். கூட்டம் என்றால் போவார், கையெழுத்து என்றால் வைப்பார். செடிகளை நிலத்தில் நடாமல் வாளியில் வைத்திருப்பதே அதனால்தான். நிலம் தோட்டத்துடையது, எந்த நேரமும் பிடுங்கச் சொல்லலாம். வாளி என்றால் புது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படத்தில் கதவுக்குப் பக்கத்தில் வெள்ளை பெயின்டில் அப்பா பெயரும் காம்பரா நம்பரும் இருக்கிறதே, அதையும் கிண்டல் செய்திருந்தார்கள், "பங்களா நேம் போர்ட்" என்று. எங்களுக்கெல்லாம் கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். என் கேம்பஸ் கடிதம் அங்கே கிடந்து, பதிய வேண்டிய தேதி முடிகிற நேரத்தில்தான் கைக்கு வந்தது. அன்றைக்கு அம்மா அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் அண்ணன் அந்தப் பெயரை எழுதினான். அதனால் கடிதம் வீட்டுக்கு வரத் தொடங்கவில்லை. ஆனால் இந்த வாசலுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று வருகிறவர்களுக்குத் தெரிகிறது. இதுவும் உங்களுக்கு மேக்கப்பாகத் தெரிந்தால் நான் என்ன செய்ய?

"ஏன் போட்டோ போட்டாய், பெருமைக்குத்தானே?" என்று கேட்டவர்களுக்கு: ஆமாம், பெருமைக்குத்தான். எங்கள் ஆட்களின் படம் என்றால் ஒழுகுகிற தகரமும் மூக்கு ஒழுகுகிற பிள்ளையும் மட்டும்தான் வர வேண்டுமா?

நேற்று அம்மா போன் எடுத்தார். யாரோ அந்தப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். "பிள்ள, சட்டியெல்லாம் பின்னுக்கு எடுத்து வச்சிரவா? ஒனக்குப் பேச்சு வருதாமே" என்று கேட்டார். வாழ்க்கை முழுக்கத் துரைக்கும் கங்காணிக்கும் பயந்து நடந்த மனுசி, கடைசியில் நம் ஆள் ஒருவர் எழுதியதற்குப் பயந்து தன் பூவை மறைக்கப் பார்க்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அரைவாசியைக்கூட இங்கே எழுதவில்லை.

ஒன்றும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதிவு போட்டவர் அந்தப் படத்தை நீக்கட்டும், என் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

கம்பு கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பூ வராத கிளையில் இரண்டு மூன்று கணுவோடு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இருக்கிற பெரிய இலையைப் பாதியாக நறுக்கி, நிழலில் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் வேர் விட்டுவிடும். தலவாக்கலைப் பக்கம் வருகிறவர்கள் முதல் நாளே சொன்னால் அம்மா வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்.