ஸ்பெயின் பார்களில் தாப்பாஸ் எல்லாமே இலவசமா?

“ஸ்பெயினில் எந்த பாருக்குப் போனாலும் ஒரு பானம் வாங்கினால் போதும், தாப்பாஸ் இலவசம்” என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தாப்பாஸ் என்பது பானத்தோடு சாப்பிடும் சிறு தட்டு உணவு. அந்தத் தகவல் பாதி உண்மைதான். நண்பர்களோடு போகிறவர்கள் இதை நம்பிச் செலவுக் கணக்குப் போட வேண்டாம்.

கிரனாடா, அல்மெரியா, ஹயேன், வடக்கே லியோன் ஆகிய ஊர்களில் இந்த வழக்கம் உண்மையிலேயே உண்டு. ஒரு சின்ன பீர் கேட்டால் கூடவே ஒரு சிறு தட்டும் வரும். கிரனாடாவில் பெரும்பாலும் என்ன தருவது என்று பார்காரர்தான் முடிவு செய்வார். அடுத்த பீருக்கு வேறு தட்டு. பன்றி இறைச்சியோ மீனோ வர வாய்ப்பு அதிகம். சாப்பிடாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

செவில்லாவிலும் பார்சிலோனாவிலும் பொதுவாகத் தட்டுக்குத் தனி விலை. மாட்ரிட்டில் பல இடங்களில் ஆலிவ் காயோ சிப்ஸோ சும்மா வரும், அவ்வளவுதான்.

பெரிய குழப்பம் சான் செபாஸ்டியனில்தான். கவுன்டர் முழுக்கப் பின்ச்சோக்கள் (அந்த ஊர்த் தாப்பாஸ், பெரும்பாலும் குச்சி குத்திய சிறு உணவு) அடுக்கியிருப்பதைப் பார்த்து, இலவசம் என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். ஆலிவ், நெத்திலி, பச்சை மிளகாய் மூன்றையும் குச்சியில் கோத்த ஹில்டா உட்பட ஒவ்வொன்றுக்கும் காசு உண்டு. சில பார்களில் தட்டில் மிச்சமிருக்கும் குச்சிகளை எண்ணித்தான் பில் போடுவார்கள். அதனால் குச்சியைத் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம், சூடான பின்ச்சோக்கள் கவுன்டரில் இருக்காது. உணவுப் பட்டியல் எழுதிய பலகையைப் பார்த்துக் கேட்டால் சமைத்துத் தருவார்கள், அவசியம் கேளுங்கள்.